தறிக்குழியில் ஈரம்

என் மாமனாருக்கு நினைவு தப்பத் தொடங்கியது உலக யுத்த காலத்தில். முதலில் சாப்பிட்டதை மறந்தார், பிறகு கடைத்தெருவுக்குப் போய் வீட்டுக்குத் திரும்பும் வழியை மறந்தார். வயசானால் இப்படித்தான் என்று நாங்களும் சிரித்துக்கொண்டே விட்டுவிட்டோம். இராத்திரியில் நனைக்க ஆரம்பித்த பிறகுதான் சிரிப்பு நின்றது.

படுக்கையை நனைத்தால்கூடப் பரவாயில்லை. அவர் காலமெல்லாம் நெய்தவர். எழுந்ததும் நேரே தறிக்குப் போய், குழிக்குள் காலைத் தொங்கவிட்டு உட்காருவதுதான் அவர் உடம்புக்குத் தெரிந்த ஒரே வழி. நடுராத்திரியில் மூத்திரம் முட்டினாலும் கால் அங்கேதான் போகும். குழியோரம் உட்கார்ந்து நிம்மதியாகப் பெய்துவிட்டு வந்து படுத்துக்கொள்வார். காலையில் என் வீட்டுக்காரர் தறியில் உட்கார்ந்து குழிக்குள் இருக்கும் மிதிக்கட்டையில் காலை வைப்பார். அப்புறம் என்ன, அவர் போடுகிற சத்தம் தெருக்கோடி வரைக்கும் கேட்கும்.

என் வீட்டுக்காரர் கெட்டவர் இல்லை. கோபம் மூக்கு நுனியில் இருக்கும், அவ்வளவுதான். கை நீட்டிப் பழக்கமில்லாத மனுஷன். ஆனால் சோறு போடுகிற குழி என்று தினமும் அதைத் தொட்டுக் கும்பிட்டு இறங்குகிறவருக்கு அதில் மூத்திரம் நின்றால் எப்படி இருக்கும்? ஆடிக் கிருத்திகைக்கு ஆர்.கே.பேட்டை உறவுசனமெல்லாம் வண்டி கட்டிக்கொண்டு வந்து எங்கள் வீட்டில்தான் இறங்கும். அதற்குள் தகப்பன் படுக்கையை மாட்டுக் கொட்டகைக்கு மாற்றியாக வேண்டும் என்று சொல்லிவிட்டார். கொட்டகையில் கட்டிப்போட அவர் என்ன கன்றுக்குட்டியா? கிருத்திகை வரைக்கும் பொறுங்கள், நான் பார்த்துக்கொள்கிறேன் என்று வீராப்பாகச் சொல்லி வைத்தேன்.

சொன்னேனே தவிர, எப்படிப் பார்த்துக்கொள்வது? அந்த வீட்டில் மருமகள் மாமனார் எதிரில் நிற்கிற வழக்கமில்லை. அவர் எழுந்து வருமுன் தொண்டையைக் கனைப்பார், நான் கதவுக்குப் பின்னால் ஒதுங்கிக்கொள்வேன். வாழ வந்த நாளிலிருந்து எங்கள் இரண்டு பேருக்கும் நடந்த பேச்சுவார்த்தையே அந்தக் கனைப்புதான். அப்படிப்பட்டவருடைய ஈர வேட்டியை நான் எப்படி மாற்றுவேன்? கிட்டே போனாலே கூனிக் குறுகிச் சுவரோடு ஒட்டிக்கொள்வார். பெற்ற பிள்ளையை யாரென்று தெரியாதவருக்கு அந்த வெட்கம் மட்டும் மறக்கவில்லை, பாவம்.

மண்ணெண்ணெய் கிடைக்காத காலம் என்பதால் விளக்கை அணைத்துவிட்டுத்தான் படுப்போம். ஒருநாள் அந்த இருட்டில் தடவிக்கொண்டு போய் அவர் கையைப் பிடித்துவிட்டேன்.

“யாரு, அக்காவா?” என்றார்.

தாயில்லாத பிள்ளையான அவரை வளர்த்த அக்கா, நான் வாழ வருமுன்பே போய்ச் சேர்ந்துவிட்டவள். எனக்கு என்ன தோன்றியதோ, ஆங், அக்காதான், வா என்று சொல்லிவிட்டேன். மனுஷன் என் கையைப் பிடித்துக்கொண்டு ஒரு வெட்கமும் இல்லாமல் கொல்லைக்கு வந்தார். திரும்பும்போது, “நைனா கையில சொல்லாத அக்கா. உன்னத்தான் அடிப்பாரு” என்று கெஞ்சினார். நைனா என்று அவர் சொன்னது தன் அப்பாவை. தம்பி பாயை நனைத்ததற்கெல்லாம் அந்த அக்கா அடி வாங்கியிருக்கிறாள் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. சொல்லமாட்டேன் என்று சத்தியம் பண்ணிக் கொடுத்தேன்.

அன்று முதல் நான் அவருக்கு அக்கா ஆனேன். பொழுது சாயுமுன் சோறு போட்டு, அதற்குமேல் தண்ணீரைக் குறைத்தேன். துணிக்குப் பஞ்சம் வந்த காலத்தில் தினம் ஒரு விரிப்புக்கு எங்கே போவது? தறியில் மிஞ்சும் கழிவு நூலைப் பழம்புடவைக்குள் அடைத்துத் தைத்து அவருக்கு அடியில் போட்டேன். ஈரத்தை அது குடித்துவிடும், அலசிக் காயப்போட்டால் மறுநாளுக்கு ஆகும். எல்லாவற்றையும்விட எனக்குக் கைகொடுத்தது அந்தக் கனைப்புதான். எழுமுன் கனைக்கிற பழக்கம் தூக்கக் கலக்கத்திலும் அவரை விடவில்லை. பெண்கள் ஒதுங்கட்டும் என்று அவர் கனைப்பார். நான் ஒதுங்காமல் ஓடிப்போய்க் கையைப் பிடிப்பேன். குழி காய்ந்து கிடந்தது. எனக்குத் தலைகால் புரியாத பெருமை.

கிருத்திகைக்கு முந்தின நாள் மாவு இடித்து, வீடு மெழுகி, அடித்துப் போட்டதுபோல் தூங்கிவிட்டேன். கனைப்பு காதில் விழவில்லை. காலையில் மிதிக்கட்டையில் காலை வைத்த என் வீட்டுக்காரர் துள்ளி எழுந்தார். நீ பார்த்துக்கொண்ட லட்சணம் இதுதானா, இப்போதே பாயைக் கொட்டகையில் கொண்டுபோய்ப் போடு என்று கையை வீசிக் கத்தினார். எனக்கும் வாய் சும்மா இருக்கவில்லை. உங்களைப் பெற்றவர்தானே, நாளைக்கு உங்களையும் அங்கேதான் போடுவார்கள் என்றேன். அவர் கை இன்னும் மேலே போயிற்று.

பின்னால் கனைப்புச் சத்தம் கேட்டது. மாமனார் தள்ளாடி வந்து எங்கள் இருவருக்கும் நடுவில் நின்றார். ஈர வேட்டி காலில் ஒட்டிக்கொண்டிருந்தது. மகன் முகத்தைப் பார்த்துக் கும்பிட்டார்.

“அக்காவ அடிக்காத நைனா. அவ இல்ல. நான்தான் நனைச்சேன்.”

என் வீட்டுக்காரர் கை அப்படியே இறங்கியது. சாம்பலை அள்ளிப் போட்டுக் குழியைத் தானே துடைத்தார். உறவுசனம் வந்து மூக்கைச் சுளித்தபோதும் கொட்டகைப் பேச்சை எடுக்கவில்லை.

அன்று ராத்திரி தன் பாயைக் கொண்டுபோய்த் தகப்பன் பக்கத்தில் விரித்தார். கனைப்பு கேட்டு நான் எழுவதற்குள் இருட்டில் என் வீட்டுக்காரர் குரல் கேட்டது. தகப்பனிடம் ஒருநாளும் ‘ங்க’ போடாமல் பேசி அறியாதவர் அவர்.

“வாடா கண்ணு. நைனா கூட்டிகினு போறேன்.”

நான் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன்.