நான்கு விரற்கடை

எமரி கோச்சிஸ் முப்பத்தொரு வருடம் எங்கள் ராஸ்பரோ ஊர் உயர்நிலைப் பள்ளி மைதானத்தில் சங்கிலி பிடித்தார். அதற்குச் சம்பளம் கிடையாது. வெள்ளிக்கிழமை ஆட்டத்துக்கு ஒரு காபியும் ஒரு ஹாட் டாகும் இலவசம். எமரி இரண்டையும் காசு கொடுத்துத்தான் வாங்குவார். "சும்மா வாங்கித் தின்னா நானும் ராஸ்பரோ கட்சி ஆயிருவேன்ப்பா" என்பார். அவர் பிறந்ததும் ராஸ்பரோதான். அவருடைய அப்பா ஹங்கேரியிலிருந்து வந்து இறங்கியதும் இதே ஆற்றங்கரையில்தான்.

எங்கள் அமெரிக்க ஃபுட்பாலில் பந்தை வைத்திருக்கிற அணி நான்கு முயற்சிக்குள் பத்து கெஜம் முன்னேற வேண்டும். முடியாவிட்டால் பந்து எதிரணிக்குப் போய்விடும். அந்தப் பத்து கெஜத்தை அளப்பது எங்கள் சங்கிலி. பின்முனைக் கம்பு விக் ஸ்டானிச்சிடம், முன்முனைக் கம்பு என்னிடம். எமரியிடம் இருந்தது கட்டைவிரல் அளவு கிளிப். சங்கிலி எந்த வெள்ளைக் கோட்டைத் தாண்டுகிறதோ, அந்த இடத்துக் கண்ணியில் அதைக் கடிக்கவிடுவார். அளக்கச் சொன்னால் சங்கிலியை உள்ளே தூக்கிப் போய், கிளிப்பை அதே கோட்டின் மேல் வைத்து இழுத்துப் பிடிப்போம். கிளிப் நகர்ந்தால் முன்கம்பும் நகரும். கணக்கு அவ்வளவுதான்.

அந்த வேலைக்கு அவரைவிட்டால் ஆள் இல்லை என்று ஊர் முழுக்க நம்பியது. காரணம் ஒரு மான். ஒரு நவம்பரில், வேட்டை நேரம் முடிந்து இரண்டு நிமிடம் கழித்துச் சுட்டுவிட்டதாகத் தானே வனக்காவலருக்குப் போன் செய்து மானை ஒப்படைத்தவர் அவர். பார்த்தவர் யாரும் இல்லை. "கைக்கடிகாரம் பாத்துச்சே" என்றார். கண்ணாடித் தொழிற்சாலையிலும் அவருக்கு அதே வேலைதான். வெளிச்சத்துக்கு முன்னால் ஓடும் பாட்டில்களில் குமிழி உள்ளதைப் பொறுக்கி உடைப்பார்.

1999 இலையுதிர் காலத்தில் எங்கள் அணி முதல் ஆறு ஆட்டங்களையும் தோற்றது. குவார்ட்டர்பேக், அதாவது பந்தை வாங்கி எறிகிறவன், எமரியின் மகன் டேரன். கடைசி வருட மாணவன். பெஞ்சில் பத்தாம் வகுப்புப் பையன் பிரைஸ் ஓகில்வி உட்கார்ந்திருந்தான். இருவருக்கும் நான்தான் வரலாறு எடுத்தேன். டேரன் பாடம் கேட்கிற மாதிரியே ஆடுவான். கவனமாக, சற்றுத் தாமதமாக. பிரைஸ் யோசிக்கவே மாட்டான். ஆனால் அவன் தோளில் ஏதோ இருந்தது. பந்து அறுபது கெஜம் பறக்கும், யாரிடம் போய்ச் சேரும் என்பது வேறு விஷயம்.

சனிக்கிழமை காலை டோட்டியின் சாப்பாட்டுக் கடையில் வேறு பேச்சே கிடையாது.

"டேரன் எறிஞ்ச பந்து கீழ வர்றதுக்குள்ள எனக்கு ஒரு முட்டை வெந்துருதுய்யா."

"பிரைஸுக்குப் பதினஞ்சு வயசு. அந்தத் தடியனுங்க மேல விழுந்தா பையன் பான்கேக்தான்."

"ஆறு தோத்தாச்சு. ஏழாவதையும் அனுபவசாலியே தோக்கட்டுங்கிறியா?"

"டேரன் பந்தக் கீழ போட்டு நீ பாத்திருக்கியா?"

"இல்லியே. எதிராளி கையில பத்திரமால்ல குடுக்குறான்!"

சிரிப்பு அடங்குவதற்குள் கதவு மணி அடித்தது. எமரி உள்ளே வந்தார். எல்லாரும் தட்டைப் பார்த்தோம். டோட்டிதான் சமாளித்தாள்.

"வாங்க எமரி. மழையப் பத்திப் பேசிட்டிருந்தாங்க."

"அப்படியா? மழைக்கு எவன எறக்குறதுன்னு முடிவாயிருச்சா?" என்று கேட்டுவிட்டு எமரி வழக்கமான மூலையில் உட்கார்ந்தார்.

நானும் பிரைஸ் கட்சிதான். எமரி இல்லாதபோது மட்டும் சொல்வேன். டேரன்மேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை. தோற்றுத் தோற்று அலுத்துப்போயிருந்தது. தொழிற்சாலையில் மூன்று உலைகளில் ஒன்றுதான் எரிந்துகொண்டிருந்தது. வெள்ளிக்கிழமை இரவு இரண்டு மணி நேரமாவது ஏதாவது ஒன்று எங்களுக்கு வசப்பட வேண்டும் என்று ஊரே வெறிபிடித்துக் கிடந்தது. அந்த வெறி எனக்கும் இருந்தது.

ஆறாவது ஆட்டத்தில் எங்களுக்குப் பின்னாலிருந்த படிக்கட்டிலிருந்து ஒரு குரல் கத்தியது. "எமரி! கிளிப்ப ஒரு முழம் தள்ளி வையி, மகன் பொழச்சுக்குவான்!" முந்நூறு பேர் சிரித்தார்கள். எமரி திரும்பவில்லை. காது மட்டும் சிவந்தது. திங்களன்று பள்ளிக்குப் போய், டேரன் ஆடி முடிக்கிறவரை வேறு யாரையாவது போடுங்கள் என்று கேட்டார். வேறு யாருக்கும் வேலை தெரியாது என்று அனுப்பிவிட்டார்கள். "இனி அந்தச் சங்கிலி என் பையன் பக்கம் ஒரு மயிரிழ சாஞ்சாக்கூட நான் செத்தேன் லெஸ்" என்றார் என்னிடம்.

அதே வாரம் அவர் என்னைக் காரருகே நிறுத்தி ஒரு கடிதத்தைக் காட்டினார். பென்சில்வேனியாவில் ஒரு சின்னக் கல்லூரி. எட்டாவது ஆட்டத்துக்கு ஆள் அனுப்பி டேரனைப் பார்ப்பதாகவும், பிடித்தால் படிப்புச் செலவை ஏற்பதாகவும் எழுதியிருந்தார்கள்.

"கோச் பலும்போ என்ன சொல்றாரு?" என்றேன்.

"இந்த வெள்ளிக்கெழம ஜெயிச்சா டேரனே ஆடுவான். தோத்தா அடுத்த வாரம் பிரைஸ். அவரையும் குத்தம் சொல்ல முடியாது, ஊர விட்டுப் போன்னு அவரு வீட்டுக்கு முன்னால 'விற்பனைக்கு'ன்னு பலகை நட்டுட்டுப் போறானுங்க." கடிதத்தை மடித்தார். மடிப்பு சரியாக வரவில்லை, மறுபடி பிரித்து மடித்தார். "அவனுக்கு வேற கதவு இல்லப்பா. மார்க்கும் இல்ல. நான் வேல பாக்குற எடத்துல அவனச் சேத்துவிடலாம்னா, அந்த எடமே இருக்காது. இந்த ஒரு ஆட்டந்தான்."

நான் அவர் தோளைத் தட்டினேன். "நல்லா ஆடுவான்" என்றேன்.

ஏழாவது ஆட்டம் ஆற்றுக்கு அக்கரை ஊருடன். மழை பெய்து ஓய்ந்த மைதானம். கடைசி இரண்டு நிமிடம், மூன்று புள்ளி பின்தங்கியிருந்தோம், பந்து எங்களிடம். டேரன் அன்றைக்கு நன்றாகவே ஆடினான். அதை நான் சொல்லியாக வேண்டும்.

அந்தப் பத்து கெஜம் தொடங்கியபோது எமரி குனிந்து கிளிப்பை மாட்டியதைப் பார்த்தேன். எங்கள் சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்து செம்புக் கம்பியால் கட்டியிருந்தது. கிளிப் சரியாக அந்தக் கண்ணியில் விழுந்தது. மூன்றாவது முயற்சியில் எங்கள் பையன் ஒருவன் பந்தைத் துரத்திக்கொண்டு எல்லைக்கு வெளியே வந்து எங்கள் காலடியில் விழுந்தான். விக் சாய்ந்தார். சங்கிலி பையனின் காலில் சிக்கி இழுபட்டது. நாங்கள் எழுந்து கம்புகளை நிமிர்த்துவதற்குள் அடுத்த முயற்சி தொடங்கிவிட்டது. நான்காவது, கடைசி முயற்சி. டேரன் எறியவில்லை, பந்தை நெஞ்சோடு அணைத்து முட்டிக்கொண்டு ஓடினான். நாலைந்து பேர் அவன்மேல் குவிந்தார்கள். நடுவர் குவியலைப் பிரித்து, பந்தைச் சேற்றில் வைத்து, எங்களைக் கையசைத்துக் கூப்பிட்டார்.

எமரி கிளிப்பைத் தூக்கியபோது செம்புக் கம்பி அதற்குக் கீழே இல்லை. இரண்டு கண்ணி தள்ளி இருந்தது. நான்கு விரற்கடை. கிளிப் பின்பக்கமாக நழுவியிருந்தது. அப்படியே அளந்தால் என் கம்பு நான்கு விரற்கடை முன்னால் போய் நிற்கும். டேரனுக்கு எதிராக.

எமரி அதைப் பார்த்தார். அவர் பார்த்ததை நானும் பார்த்தேன்.

நடுவர் அயலூர்க்காரர். ஒவ்வொரு முறையும் கேட்கிற கேள்வியைத்தான் அன்றும் கேட்டார். "கிளிப் சரியா இருக்கா?"

எமரி வாயைத் திறந்தார். பின்னால் படிக்கட்டு முழுக்க எழுந்து நின்றுகொண்டிருந்தது. அவர்கள் கண்ணுக்கு, கிளிப்பை மகனுக்குச் சாதகமாக நகர்த்தப்போகும் அப்பன் மைதானத்தின் நடுவே மண்டியிட்டிருந்தார். அவர் நடுவரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார். எனக்கு அங்கே மகன் இல்லை. நான் சொன்னால் ஊர் நம்பும். 'சங்கிலி இழுபட்டுச்சு ஐயா, கிளிப் நழுவியிருக்கு' என்று ஐந்து வார்த்தை போதும்.

"சரியா இருக்கு" என்றேன்.

கம்பை நட்டேன். பந்தின் மூக்குக்கும் கம்புக்கும் நடுவே ஒரு சின்னப் பெண்பிள்ளையின் கைமுஷ்டி நுழையும் அளவு இடைவெளி, நான்கு விரற்கடைக்கும் குறைவு. பந்து அக்கரை அணிக்குப் போனது. ஆட்டம் முடிந்தது.

எட்டாவது ஆட்டத்துக்குக் கல்லூரி ஆள் வந்தார். தொப்பி போட்டு, நோட்டுப் புத்தகத்தோடு நான்காவது வரிசையில் உட்கார்ந்தார். பிரைஸ் ஆடினான். மூன்று பந்துகளை எதிராளிக்கு எறிந்தான். டேரன் ஹெல்மெட்டைக் கழற்றாமல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். அவனுக்குப் பத்தடி முன்னால் எமரி குனிந்து, நிமிர்ந்து, கிளிப் மாட்டிக்கொண்டிருந்தார். அந்த வருடம் பத்து ஆட்டத்தில் ஒன்றையும் நாங்கள் ஜெயிக்கவில்லை.

அதன்பின் டேரன் ஆற்றுப் படகுகளில் கயிறு இழுக்கப் போனான். கென்டக்கி, பிறகு லூயிசியானா. கிறிஸ்துமஸுக்கு ஒரு போன் வரும். தொழிற்சாலை அடுத்த கோடையில் மூடியது. எமரி ஐம்பத்திரண்டு வயதில் மளிகைக்கடையில் தள்ளுவண்டிகளைச் சேகரித்தார். மனைவி வில்மா போய்ச் சேர்ந்தபின் சமையலறை விளக்கு மட்டும் எரியும் வீடு அது. வெள்ளிக்கிழமைகளில் வந்துவிடுவார். இன்னும் பன்னிரண்டு பருவம் ஒரே சங்கிலியை இருவரும் பிடித்தோம். முழங்கால் மடங்காமல் போனபோது கிளிப்பை என் கையில் வைத்துவிட்டுப் போனார். அதுவரை அந்த இரவைப்பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை.

போன மாதம் மருத்துவமனையில் பேசினார். மூக்கில் ஆக்சிஜன் குழாயோடு, நிறுத்தி நிறுத்தி.

"லெஸ். அன்னிக்கு... நீ பாத்தியா?"

"என்ன எமரி?"

"அந்தச் செம்புக் கம்பிய."

"எந்தச் செம்புக் கம்பி?" என்றேன்.

அவர் என்னையே பார்த்தார். பிறகு, "அப்ப எனக்குத்தான் அப்படித் தோணிருக்கு" என்றார். இருபத்துமூன்று வருடமாகச் சுமந்ததைத் தன் கண்ணின் பிழை என்று வைத்துக்கொண்டு போகும்படி விட்டுவிட்டேன். செவ்வாய்க்கிழமை இறந்தார்.

இன்று அடக்கம் முடிந்து, தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் சாப்பாடு. பெண்கள் முட்டைக்கோசு நூடுல்ஸும் பன்றி இறைச்சி சாண்ட்விச்சும் கொண்டுவந்திருந்தார்கள். டேரன் தலை நரைத்து, கை தடித்து, யாரோ மாதிரி இருந்தான். தட்டோடு வந்து என் எதிரே உட்கார்ந்தான்.

"ஊர்ல எல்லாருக்கும் என்னப் பத்தி ஒரு கருத்து இருந்துச்சு லெஸ் அங்கிள். அப்பாவுக்கு மட்டும் இல்ல. எனக்காக ஒரு வார்த்த பேசினதில்ல."

"அவருக்கு இருந்துச்சுப்பா."

"விக் அங்கிள் என்கிட்ட சொன்னாரு, கிளிப் நழுவுன மாதிரி இருந்துச்சுன்னு. அன்னிக்கு ராத்திரியே வண்டியில கேட்டேன். அப்பா, கிளிப் சரியா இருந்துச்சான்னு. 'நடுவர் கேட்டாரு, பதில் சொல்லியாச்சு'ன்னாரு. அவ்ளோதான். நல்லவன்னு பேர் வாங்க என்னய வித்துட்டாருன்னு நெனச்சுத்தான் ஊர விட்டுப் போனேன்."

யார் பதில் சொன்னது என்று எமரி தன் மகனிடம்கூடச் சொல்லவில்லை.

"பதில் சொன்னது நான்" என்றேன். "நழுவினத நானும் பாத்தேன். உங்கப்பா நான் சொல்லுவேன்னு பாத்துட்டிருந்தாரு. நான் சரியா இருக்குன்னுட்டேன்."

டேரன் முள்கரண்டியை வைத்தான். பக்கத்து மேஜையில் யாரோ காபி கேட்டார்கள்.

"நீங்க யாரு பக்கம் இருந்தீங்க?"

"பிரைஸ்."

அவன் தலையசைத்தான். கோபப்படுவான் என்று எதிர்பார்த்தேன். அவன் கணக்குப் போட்டுக்கொண்டிருப்பது மாதிரி இருந்தான்.

"அவனும் தோத்தான்ல?"

"தோத்தான். மூணு ஆட்டமும்."

டேரன் எழுந்து தட்டைக் குப்பைத் தொட்டியில் கவிழ்த்தான். சாப்பிடாத சாண்ட்விச்சோடு. கோட்டை மாட்டிக்கொண்டு படியேறி வெளியே போனான். ஜன்னல் வழியாக அவன் கால்கள் மட்டும் தெரிந்தன. அப்பாவின் கல்லறை இருக்கிற பக்கமாக, ஈரப் புல்லில், முதலில் நடந்தன. பிறகு ஓடின.