குடிலில் வளர்ந்த பாலன்

எங்கள் எஸ்டேட் அந்தோணியார் கோயிலில் ஃபாதருக்கு மேலே ஒருவர் உண்டு. அவர் லூர்தம்மாள் அக்கா. ஃபாதர் ஞாயிற்றுக்கிழமை மலையேறி வந்து பூசை வைத்துவிட்டுப் போய்விடுவார். கோயில் சாவி வருடம் முழுவதும் அக்கா இடுப்பில்தான் இருக்கும். வாரநாட்களில் கோலா தெர்லா தோட்டத்தில் தக்காளி தரம் பிரிக்கிறவர், சனிக்கிழமை வந்துவிட்டால் துடைப்பமும் வாளியுமாக எங்களை ஆட்டிப்படைப்பார். மெழுகுவர்த்தி சாய்ந்திருந்தால் ஒரு ஏச்சு, வாசலில் செருப்பு கலைந்து கிடந்தால் இன்னொரு ஏச்சு. கியா பார்ம் சந்தையிலிருந்து யாரோ ஆசையாகக் கொண்டுவந்த பூவை, "நேத்து விக்காம போனத சாமிக்குக் கொண்டாந்தியா?" என்று கேட்டுத் திருப்பி அனுப்பியவர்.

இப்படிப்பட்டவர் ஒரு விஷயத்தில் மட்டும் பின்வாங்குவார். கிறிஸ்மஸ் பூசை முடிந்ததும் குழந்தை இயேசுவின் சுரூபத்தை ஃபாதர் கையில் ஏந்தி நிற்பார். நாங்கள் வரிசையாகப் போய்ப் பாலனின் பாதத்தில் முத்தமிடுவோம், முத்தி செய்வது என்போம். அந்த வரிசையில் அக்கா நிற்கவே மாட்டார். ஒரு வருடம் இருமல் என்பார், ஒரு வருடம் முட்டிவலி என்பார். குடில் ஜோடிப்பது முழுக்க அவர்தான், முத்தத்துக்கு மட்டும் ஆள் இருக்க மாட்டார். அதை யாரும் பெரிதாக யோசிக்கவில்லை, நானும்தான்.

எனக்கு யோசிக்க வேறு வேலை இருந்தது. நான் ஒரு மர்ம நாவல் எழுதிக்கொண்டிருந்தேன். கம்போங் ராஜாவில் தையல் கடை வைத்திருப்பவள் நாவல் எழுதக் கூடாதென்று சட்டமா என்ன? ஞாயிறுதோறும் ஓர் அத்தியாயம், கோயில் வாட்ஸ்அப் குழுவில். மலைமேல் ஒரு கோயில், அங்கே யாரோ ஒரு சுரூபத்தை மாற்றி வைத்துவிட்டுப் பழையதை ரகசியமாகப் புதைத்துவிடுகிறார்கள். யார், ஏன் என்பதுதான் கதை. காய்கறி லாரிகளுக்குப் பின்னால் மாட்டிக்கொண்டு காரில் உட்கார்ந்திருந்தபோது தோன்றியது. அத்தனையும் கற்பனை. ஆனால் குற்றவாளி இரண்டாவது பெஞ்சில் உட்காருகிறவர் என்று எழுதினேனோ இல்லையோ, கோயில் கமிட்டித் தலைவர் ஞானசுந்தரம் அண்ணன் போன் போட்டுவிட்டார்.

"எவலின், ரெண்டாவது பெஞ்சுல நான்தான்மா உக்காருவேன். மூணாவதுன்னு மாத்திரு லா."

மாற்றினேன். மூன்றாவது பெஞ்சுக்காரர்கள் என்னோடு பேச்சை நிறுத்தினார்கள்.

கடைசி அத்தியாயம் வருவதற்கு முந்தின வாரம், மழையில் நனைந்துகொண்டு அக்கா என் கடைக்கு வந்தார். ஏச வந்திருக்கிறார் என்றே நினைத்தேன். முக்காலியில் உட்கார்ந்து மெல்லக் கேட்டார்.

"யாருடி ஒனக்குச் சொன்னா?"

"என்னக்கா?"

"பாலன நான் ஒடச்சத."

கத்தரிக்கோல் என் கையிலேயே நின்றுவிட்டது. அக்கா எல்லாவற்றையும் கொட்டினார். பல வருடங்களுக்கு முன், குடிலில் வைப்பதற்காகக் கழுவும்போது பாலன் சோப்பு நுரையில் வழுக்கிக் கீழே விழுந்து நொறுங்கிவிட்டது. மந்திரித்த சுரூபத்தைக் குப்பையில் போடக் கூடாது, புதைக்கத்தான் வேண்டும். பழைய பீடத்துணியில் சுற்றி, கோயிலுக்குப் பின்னால் தேயிலைச் செடியோரம் புதைத்தார். பிறகு ஈப்போவுக்கு பஸ் ஏறிப்போய் வேறொன்று வாங்கிவந்தார். புதுப் பாலன் கொஞ்சம் புஷ்டி. கிறிஸ்மஸ் அன்று சொல்லிவிடலாம் என்று வாயைத் திறப்பதற்குள், கூட்டத்திலிருந்து ஒரு குரல், "பாலன் வளந்துட்டாரு!" என்றது. அவ்வளவுதான். அற்புதம் அற்புதம் என்று ஆளாளுக்கு மெழுகுவர்த்தி கொளுத்த ஆரம்பித்துவிட்டார்கள்.

"கோயிலுக்குள்ள ஒரு பொய்ய வச்சுட்டு, அதுக்கே போயி எப்படிடி முத்தங் குடுப்பேன்? ஒவ்வொரு வருஷமும் ஆசையா இருக்கும், காலு வராது. இப்ப நீ தோண்டி எடுக்கிற மாதிரி எழுதுனா எல்லாருக்கும் தெரிஞ்சுரும். சாவிய வாங்கிருவாங்க. அத விட்டா எனக்கு என்னடி இருக்கு?"

அக்கா அழுது நான் பார்த்ததே இல்லை. அந்த நேரத்திலும், எழுதி முடித்து வைத்திருந்த என் அருமையான முடிவும் கண்முன் வந்து நின்றது. எழுதுகிறவர்களின் புத்தி அப்படி. அதை அழித்தேன். கோலாலம்பூரிலிருந்து வந்த ஒரு பழம்பொருள் வியாபாரி தலையில் பழியைப் போட்டுக் கதையை முடித்தேன்.

வாட்ஸ்அப் குழு கொதித்தது. ஞானசுந்தரம் அண்ணன் நேரிலேயே கிளம்பி வந்துவிட்டார்.

"என்னம்மா நீ, நம்ம லூர்தம்மா கதையத்தான் எழுதுறேன்னு பாத்தா, எவனோ வியாபாரிங்கிற?"

"அண்ணே, ஒங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாம? பழைய பாலனுக்கு எடது கால்ல சுண்டுவெரலு கெடையாது. சின்னப் புள்ளையிலேருந்து நாங்க முத்தி செஞ்ச காலு. அந்த வருஷம் குனிஞ்சு பாத்தா அஞ்சு வெரலும் இருக்கு! லூர்தம்மா தூணோரமா நின்னு நடுங்குது. பாவமாப் போச்சு. அதான் 'வளந்துட்டாரு'ன்னு நானே சத்தம் போட்டேன்."

"அப்ப அந்த மெழுகுவர்த்தியெல்லாம்?"

"சொன்னதுக்கப்புறம் நம்புற மாதிரி காட்டணும்ல? அந்தக் கால் தெரிஞ்ச பழைய ஆளுங்க எல்லாரும் புரிஞ்சுக்கிட்டுக் கூடவே கொளுத்திட்டாங்க."

அக்காவைக் காப்பாற்ற இவர் போட்ட சத்தம்தான் இத்தனை வருடம் அக்கா வாயை அடைத்து வைத்திருந்தது. இவரைக் கும்பிடுவதா, தலையில் நறுக்கென்று குட்டுவதா என்று எனக்குப் புரியவில்லை.

அக்காவிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். மனம் உருகி அழுவார் என்று எதிர்பார்த்தேன். வாளியைத் தொப்பென்று கீழே வைத்தார்.

"ஊரே சேந்து என்னைய ஏமாத்திருக்கீங்களாடி!"

அந்த வாரம் முழுக்கப் பெரியவர் சிறியவர் பாராமல் எல்லோருக்கும் ஏச்சு விழுந்தது. ஞானசுந்தரம் அண்ணனுக்குக் கூடுதலாக.

கிறிஸ்மஸ் காலைப் பூசை முடிந்தது. ஃபாதர் பாலனைக் கையில் ஏந்தி நின்றார். வரிசையில் முதல் ஆளாக அக்கா போனார். குனிந்து பாதத்தில் முத்தமிட்டார். நகரவில்லை. மறுபடி முத்தமிட்டார். மறுபடியும். பின்னால் வரிசை வாசல்வரை நீண்டுவிட்டது. ஃபாதர் மெதுவாக, "அம்மா, மத்தவங்களும் வரணுமே" என்றார்.

"இருங்க ஃபாதர்," என்றார் அக்கா, தலையை நிமிர்த்தாமல். "விட்டுப்போன கிறிஸ்மஸ் எல்லாத்துக்கும் சேத்துக் குடுக்கணும்."

நாங்கள் காத்திருந்தோம்.