வெட்டாமல் வைத்த கைதட்டல்

மதகடிப்பட்டில் ஒரு கல்யாண மண்டபத்தில் கேமராவுக்கு பேட்டரி மாற்றிக்கொண்டிருந்தபோது ஜெனி போன் செய்தாள். "மாமா, அம்மா போயிட்டாங்க."

வில்லியனூர் ஸ்டுடியோவில் ஜெனியின் அம்மா ஸ்டெல்லாவும் நானும் எதிரெதிர் மேசை. நான் கேமரா, தனி ரெக்கார்டரில் ஒலிப்பதிவும், பிறகு எடிட்டிங்கும் அவள். படம் பிடிக்கத் தொடங்கும்போது கேமரா முன் வந்து ஒருமுறை கைதட்டுவாள். கைகள் சேரும் படத்தையும் அந்தச் சத்தத்தையும் ஒன்றாக வைத்துத்தான் மற்றதைப் பொருத்த வேண்டும். அப்படியும் தாலி கட்டும் நேரத்துக்குள் படமும் ஒலியும் விலகிவிடும். "சேந்துதான் கெளம்புதுங்க. இந்த ரெக்கார்டர் ஒரு அவசரக்குடுக்கை, உன்ன மாதிரி" என்பாள். கைதட்டலை வெட்டிவிட்டுத்தான் வீடியோவைக் கொடுப்போம். அதனால் அவள் வேலை செய்த உங்கள் வீட்டுக் கல்யாண வீடியோ எதிலும் அவள் இருக்க மாட்டாள்.

போன வருடம் அவள் இதயம் தாளம் தப்பித் துடித்தது. அதில் கட்டிய ரத்தம் மூளையில் போய் அடைத்தது. கை கால்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் யார் பேசினாலும் அவளுக்குக் குரல் முதலில் கேட்டது, உதடு பிறகுதான் அசைந்தது. கண்ணும் காதும் சரி, மூளைக்குள்தான் இரண்டும் ஒத்துப்போகவில்லை என்றார் டாக்டர். "ஊரே லிப்சிங்க் இல்லாம சுத்துது பா. இத எவன் எடிட் பண்றது?" என்று சிரித்தாள். பிறகு, யார் பேசினாலும் கண்ணை மூடிக்கொள்ள ஆரம்பித்தாள். மகள் பேசும்போதுகூட. எனக்கு அதைப் பார்க்கப் பொறுக்கவில்லை.

பாகூர் சர்ச்சில் ஜெனிக்குக் கல்யாணம். பழக்கம் விடவில்லை, கேமரா முன் வந்து கைதட்டிவிட்டுப் போய் உட்கார்ந்தாள். ஜெனி "சம்மதம்" சொன்னபோது வழக்கம்போல் கண்ணை மூடிக்கொண்டாள். வெளியே வந்ததும், "எம் பொண்ணு வாயத் தொறந்து சொல்றத ஒரு தரம் ஒழுங்கா பாக்கணும் பா" என்றாள்.

அடுத்த வாரம் அவளை ஸ்டுடியோவுக்குக் கூட்டிவந்து, அந்தக் கல்யாண வீடியோவில் ஒலி படத்துக்குப் பிந்தி வரும்படி கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளினேன். "இன்னும்... இன்னும் கொஞ்சம்... நில்லு பா." ஜெனி சம்மதம் சொன்னாள். ஸ்டெல்லா கண்ணை மூடவில்லை. "திரும்பப் போடு" என்றாள். அவள் போதும் என்று சொல்லட்டும் என்று போட்டுக்கொண்டே இருந்தேன். அவள் சொல்லவேயில்லை, ஸ்டுடியோவைத்தான் பூட்ட வேண்டியிருந்தது.

அந்தப் பிரதி இப்போது என்னிடம் இருக்கிறது. வேறு யார் பார்த்தாலும் தப்பாகத்தான் தெரியும். அதில் மட்டும் கைதட்டலை நான் வெட்டவில்லை. ஸ்டெல்லா வருகிறாள், கைகள் சேர்கின்றன, பிரிந்த பிறகு சத்தம் வருகிறது. சரிசெய்ய ஒரு நொடி போதும். மனம் வரவில்லை.