சங்குக்காரர் தோற்ற கதை

எங்கள் துணி ஆலையில் அவரைப் பெயர் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை. பாய்லர் அறையில் நின்று ஷிப்டுக்கு ஷிப்டு ஆலைச் சங்கை ஊதுவது அவர் வேலை, அதனால் சங்குக்காரர். ஊரே அந்தச் சத்தத்துக்குத்தான் எழுந்தது, சாப்பிட்டது, கடிகாரத்தைத் திருத்தியது. அவருடைய தம்பி அதே அறையில் அடுப்புக்குக் கரி தள்ளினார். அந்தத் தம்பிக்குத்தான் என் அக்காவைக் கொடுத்திருந்தோம்.

பாய்லர் பழையது. குழாய்களில் ஒட்டுப்போட்ட இடத்திலேயே மறுபடியும் ஒட்டுப்போட்டிருந்தார்கள். அதை மாற்றவைக்கத்தான் சங்குக்காரர் தொழிற்சங்கத் தலைவர் தேர்தலில் நின்றார். எதிர்த்து நின்றவர் ஸ்டோர்ஸ் மேஸ்திரி. முதலாளி கிழித்த கோட்டைத் தாண்டாத ஆள்.

தேர்தலன்று சாயப் பிரிவு ஆட்களை அவசர வேலை என்று உள்ளேயே வைத்து, ஓட்டுப்பதிவு முடியும்வரை மேஸ்திரி கதவைப் பூட்டிவிட்டார். அத்தனையும் இவருக்கு விழ வேண்டிய ஓட்டு. அப்படியும் கொஞ்ச ஓட்டில்தான் தோற்றார்.

நாங்கள் கொதித்துப்போய் பாய்லர் அறைக்கு ஓடினோம். நேரமல்லாத நேரத்தில் சங்கு ஊதினால் ஆபத்து என்று எல்லோரும் வெளியே வந்துவிடுவார்கள். ஆலை நின்றுவிடும்.

"ஊதுங்கண்ணே. மறு தேர்தல் வைக்கிற வரைக்கும் ஒருத்தனும் உள்ள போகமாட்டோம்," என்றேன்.

அவர் சங்குக் கம்பியிலிருந்து கையை எடுத்துவிட்டார். "சாவி கையில இருக்குன்னு அவன் கதவைப் பூட்டினான். சங்கு கையில இருக்குன்னு நான் ஊதினா, எனக்கும் அவனுக்கும் என்னப்பா வித்தியாசம்?"

"அவன் பண்ணது அநியாயம்ண்ணே!"

"அநியாயம்தான். மனு போடறேன். ஆனா அவனுக்கு ஓட்டுப் போட்டவங்களும் நம்ம ஆளுங்கதானே. அவங்களை இல்லேன்னு சொல்ல நான் யாரு?"

நான் பல்லைக் கடித்தேன். கரி வாரிக்கொண்டிருந்த தம்பி மட்டும் சிரித்தார். "எங்கண்ணன் கடிகாரத்தைக் கேட்டுத்தான் ஊதுவாரு. உன்னைக் கேட்டா ஊதப்போறாரு?"

மனு போட்டார். செவிடன் காதில் ஊதிய சங்குதான். ஜெயித்த மேஸ்திரியை வாய் நிறைய "தலைவரே" என்று கூப்பிட்டு, பார்க்கும்போதெல்லாம் பாய்லரைப் பற்றிச் சொன்னார். அவரும் "பார்க்கலாம்ண்ணே, பார்க்கலாம்ண்ணே" என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

மழைக்காலத்தில் ஒரு மதியம் குழாய் வெடித்தது. அடுப்புக் கதவைத் திறந்துகொண்டிருந்த தம்பியின் மேல் மொத்த ஆவியும் அடித்தது. ஆஸ்பத்திரியில் அவர் முகத்தை அக்காவால் அடையாளம் காண முடியவில்லை. முனகலை வைத்துத்தான் தெரிந்துகொண்டாள். மூன்றாம் நாள் அந்த முனகலும் நின்றது.

துக்கம் கேட்க வந்தவர்கள் போனபிறகு அக்கா சங்குக்காரரிடம் கேட்டாள். "அன்னிக்கு நீங்க சங்கு ஊதியிருந்தா இவர் உயிரோட இருந்திருப்பாரா, மாமா?"

அவர் மழுப்பவில்லை. "இருந்திருக்கலாம்மா," என்றார்.

ஒரு பொய்யாவது சொல்லித் தொலைத்திருக்கலாம். எனக்கு அந்தக் கோபம் இன்னும் தீரவில்லை.

அக்காவுக்குத் துணி மடிக்கும் பிரிவில் வேலை கொடுத்தார்கள். அவளும் சங்கத்தில் சேர்ந்தாள். சாவு விழுந்தபின் வந்த புது பாய்லரை மேஸ்திரி தன் சாதனை என்று சொல்லிக்கொண்டு திரிந்தார். அடுத்த தேர்தலில் சங்குக்காரர் மறுபடியும் அவரை எதிர்த்து நின்றார். இந்த முறை எந்தக் கதவையும் யாரும் பூட்டவில்லை. சங்குக்காரர் நியாயமாகவே தோற்றார்.

மதியம் கேன்டீனில் முடிவை வாசித்ததும் எழுந்துபோய் மேஸ்திரிக்குக் கை கொடுத்தார். திரும்பி வந்தவரை அக்கா நிறுத்தினாள்.

"நான் உங்களுக்குப் போடலை, மாமா."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது.

"அது உன் ஓட்டும்மா," என்றார். "என்கிட்ட சொல்லணும்னு இல்லை."

தட்டில் போட்டது போட்டபடி இருக்க, பாய்லர் அறைக்குப் போய்விட்டார். அன்றைக்கு ஷிப்டு முடியும் நேரம் வந்தும் சங்கு ஊதவில்லை. நாங்கள் கடிகாரத்தைப் பார்த்தபடி மெஷினை ஓட்டிக்கொண்டிருந்தோம். அக்காவும் தலை நிமிராமல் துணி மடித்துக்கொண்டிருந்தாள். வெகுநேரம் கழித்து ஊதியது. அவர் வேலை பார்த்த காலம் முழுக்க, சங்கு தாமதமானது அந்த ஒரு நாள்தான்.