அடுத்தவர் சாரம் நிக்கிற வூடு

தையல் தொழில்ல கத்தரி தப்பிப் போனாக்கூட ஒட்டுப் போட்டுச் சமாளிச்சுடலாம், ஆனா தைக்கிற ரூமு சுவத்துல ஈரம் ஊறி ஓதம் ஏறிடுச்சுன்னா தைச்சவ பேரே நாறிப் போயிடும்.

வூட்டுல கொத்தனாரை வுட்டு நொந்து போனவங்க நீங்கன்னா, நான் சொல்றது உங்களுக்கு வெளக்காமலே புரியும். நோகாதவங்க யாராச்சும் இருந்தா, அவங்க இன்னும் செங்கல்லே எறக்கலைன்னு அர்த்தம்.

எனக்கு அரியலூர்ல ரெண்டு ரூமு வூடு. முன் ரூமுதான் என் தையல் கடை. பழைய பூச்சு பொரிஞ்சு பொரிஞ்சு துணி மேல கொட்டுதுன்னு, மழைக்கு முன்னாடி உள்ளயும் வெளியயும் புதுசாப் பூசிடலாம்னு ஆரம்பிச்சேன். தை மாசம் ஒரு டீச்சர் வூட்டுக் கல்யாணம் இருந்துச்சு. வரதராசன்பேட்டைக்காரங்க, ஒன்பது வருசமா என்கிட்டதான் தைக்கிறாங்க. பொண்ணுக்கு சர்ச்சுல போட்டுக்கப் பால் வெள்ளைப் பட்டு ஜாக்கெட்டு, சொந்தக்காரப் பொம்பளைங்களுக்குப் பதினாலு ஜாக்கெட்டு. அந்தக் கல்யாணத்துல பேரு எடுத்துட்டா அந்தப் பக்கத்துத் துணி பூரா நம்ம மெஷினுக்கு வந்துடும்னு ஆசை. ஆசைப்பட எனக்கென்ன கேடு!

நாளைக்கு

மேஸ்திரி விக்கிரமங்கலத்துக்காரர். பேச்சுன்னா தேன் ஒழுகும். வந்த நாலாம் நாளே உள்பூச்சை முடிச்சுட்டார். அடேங்கப்பா, என்ன வேகம்னு பக்கத்து வூட்டுல போயி நானே பெருமை பீத்திக்கிட்டேன். அப்பறம் கிழக்கால வெளிச்சுவத்துல பழைய பூச்சைக் கொத்தித் தள்ளி, செங்கல்லைப் பல்லிளிக்க வச்சு, சாரம் கட்டினார். கட்டிட்டுச் சாயங்காலம் போனவர்தான்.

ஐப்பசி மழை வந்துது, மேஸ்திரி வரலை. போன் பண்ணா "நாளைக்கு". மறுநாள் பண்ணாலும் "நாளைக்கு". அவரு போன்ல ஓடற பாட்டு எனக்கு மனப்பாடம் ஆனதுதான் மிச்சம். ஒரு நாள் பஸ் ஸ்டாண்டு டீக்கடையில ஆளைக் கையும் களவுமாப் பிடிச்சேன். டீ கிளாஸைக்கூடக் கீழ வைக்காம சொன்னார்:

"வரமாட்டேன்னா சாரத்தை வுட்டுட்டுப் போவேனாக்கா? சாரம் நிக்குதுன்னா நானே நிக்கிற மாதிரி."

வேர்க்கத்தான் செய்யும்

வெளிய வெறுஞ்செங்கல்லு மழைத்தண்ணியைக் குடிச்சுது, உள்ள புதுப்பூச்சு அதைக் கக்குச்சு. கார்த்திகை பொறந்தப்போ சுவத்துல மிளகுத்தூளைத் தூவுன மாதிரி கருப்புக் கருப்பாப் பொட்டு. தொட்டா விரல்ல ஒட்டுது. பூஞ்சை! பழைய சுவரு பொரிஞ்சுது, அவ்வளவுதான். இது புதுசு, இதுல பூஞ்சை. ப்ளீச்சிங் பவுடரைக் கரைச்சுத் தேய் தேய்ன்னு தேய்ச்சேன். மூணே நாள்ல, போன இடத்துக்கே திரும்பி வந்து உக்காந்துக்கிச்சு.

எங்க வூட்டுக்காரரு சிமென்ட் லாரி ஓட்டறவரு. "ஊரு ஊரா மூட்டையை எறக்கறேன், நம்ம சுவத்துக்கு ஒரு சட்டி கலவை வர மாட்டேங்குதே"ன்னு தலையில அடிச்சுக்கிட்டார். நான் போட்டோ எடுத்து மேஸ்திரிக்கு வாட்ஸ்அப்ல அனுப்பினேன். அதுக்கு மட்டும் உடனே பதில் வந்துது, குரல்லயே:

"புதுப்பூச்சுன்னா கொஞ்சம் வேர்க்கத்தான்க்கா செய்யும், ஃபேனைப் போட்டு வுடுங்க."

போட்டு வுட்டேன். எதிர்ச்சுவத்துக்கும் பூஞ்சை பரவிடுச்சு.

பெரம்பலூர்க்காரர்

இனி இவரை நம்புனா வேலைக்காவாதுன்னு, பெரம்பலூர்லேருந்து வேறொரு கொத்தனாரை வரச் சொன்னேன். வந்தார். வண்டியை நிறுத்தினார், ஹெல்மெட்டைக் கழட்டினார், சாரத்தைப் பார்த்தார், ஹெல்மெட்டைத் திரும்ப மாட்டிக்கிட்டார். வாசப்படிகூட ஏறலை. என்னங்க ஆச்சுன்னேன். இது யாரு கட்டின சாரம்னு கேட்டார், சொன்னேன். ஒருத்தர் சாரம் நிக்கிற எடத்துல இன்னொருத்தர் பூசுற கரணையைக் கையில எடுக்க மாட்டாங்களாம். அது அவங்களுக்குள்ள ஒரு கட்டுப்பாடாம்.

அப்பத்தான் எனக்கு உறைச்சுது. வர்றதுக்காக வுட்டுட்டுப் போன சாரம் இல்ல அது. பஸ் சீட்டுல துண்டு போட்டுட்டு டீ குடிக்கப் போறவன் மாதிரி, நாலு கம்பு ரெண்டு பலகையை நட்டு என் வூட்டைப் பிடிச்சு வச்சுட்டுப் போயிருக்கான் அந்தப் பாவி! எனக்கு வந்த ஆத்திரத்துக்கு, வந்த மனுசனுக்கு ஒரு வாய்த் தண்ணிகூடக் குடுக்கலை. அவரு என்னமோ எனக்குப் புத்தி சொல்ற மாதிரி சொல்லிட்டுப் போனார்:

"அவரு வந்து பிரிக்கட்டும்மா, மறுநாளே நான் வர்றேன். தொழில்ல ஒரு மொறை இருக்குல்ல."

பால் வெள்ளை

துணியையெல்லாம் சுவத்தை வுட்டுத் தள்ளி, ரூமுக்கு நட்ட நடுவுல கொடி கட்டிப் போட்டேன். பொண்ணோட ஜாக்கெட்டை மட்டும், தைச்சு அயர்ன் பண்ணி, பத்திரமா இருக்கட்டும்னு பீரோவுல வச்சேன். பீரோவோட முதுகு ஈரச் சுவத்துல சாஞ்சு நின்னுது. அது எனக்குத் தோணலை பாருங்க. அந்தப் புத்தியை எதால அடிக்கிறது?

பொங்கல் கழிச்சு டீச்சர் வந்தாங்க. கல்யாணத்துக்கு இன்னும் எட்டு நாள். பீரோவைத் திறந்ததுமே நாத்தம் அடிச்சுது. ஜாக்கெட்டை விரிச்சா, முதுகுல அஞ்சாறு கருப்புப் பொட்டு. சேலையோட சேர்த்து நெய்ஞ்சு வந்த துணி அது, கடையில தேடுனாலும் கிடைக்காது. "டீச்சர், சுவரு..."ன்னு ஆரம்பிச்சேன். முடிக்க முடியலை, அழுதுட்டேன். அவங்க திட்டியிருந்தாத் தேவலைன்னு இருந்துச்சு. வெளிச்சத்துல தூக்கிப் பிடிச்சுப் பார்த்தாங்க, மடிச்சாங்க, பைக்குள்ள வச்சாங்க. நாலு ஜாக்கெட்டு இன்னும் தைக்க வேண்டியது பாக்கி இருந்துச்சு. டீச்சர் என் முகத்தைப் பார்க்காமலே சொன்னாங்க:

"முதுகுலதானே செல்வி, தலையில போடற நெட்டு மறைச்சுக்கும். தைக்காத துணியை எடுத்துக் குடுத்துடு."

கத்தரி

மறுநாள் காலையில என் வெட்டுக் கத்தரியை எடுத்தேன். பேப்பர் வெட்டறதுக்குக்கூட அதை யாருக்கும் தர மாட்டேன். அதால சாரக் கயித்தை முடிச்சு முடிச்சா அறுத்தேன். கம்பு, பலகை எல்லாத்தையும் தெருவோரம் இழுத்துப் போட்டேன். கத்தரி வாயி மழுங்கிப் போச்சு, போகட்டும். மூணு மாசமா வராத மேஸ்திரி, யாரு சொன்னாங்களோ, அரை மணி நேரத்துல வண்டியோட வந்து நின்னார். சுவத்தை ஏறெடுத்துப் பார்க்கலை. கம்பை மட்டும் தடவித் தடவி ஏத்தினார். அறுந்த கயித்தைத் தூக்கிக் காட்டினப்போ, சத்தியமாச் சொல்றேன், அவருக்குக் கண்ணு கலங்கிடுச்சு:

"நம்பிக்கையில்லாத வூட்டுல நான் வேலை பார்க்கிறதில்லக்கா."

தொலைஞ்சான்னு மூச்சு வுட்டுட்டு, சாரம் போயிடுச்சு வாங்கன்னு பெரம்பலூர்க்காரருக்குப் போன் போட்டேன். சங்கதி எனக்கு முன்னாடியே அங்க போய்ச் சேர்ந்திருந்துது.

"சாரக் கயித்தை அறுத்த வூடுன்னு சொல்றாங்களேம்மா, நாளைக்கு எங் கயித்தையும் அறுக்க மாட்டீங்கன்னு என்ன நிச்சயம்?"

ஆகக்கூடி நான் தெரிஞ்சுக்கிட்டது, சுவத்துல பூஞ்சை ஏறலாம், பட்டு பாழாகலாம், ஒன்பது வருச வாடிக்கை படியிறங்கிப் போகலாம், ஆனா இந்த ரெண்டு ஜில்லாவுலயும் ஒரு கொத்தனாரோட மனசு மட்டும் நோகக் கூடாது.