என் பதிலைப் பறித்தவர்கள்

குரோம்பேட்டையில் என் மரவாடியில் நின்று ஒருவருக்குத் தேக்கு விலை சொல்ல வாயைத் திறந்தேன். விலை மனதில் இருந்தது, வாயில் வரவில்லை. வலது கையும் தொங்கிவிட்டது. மூன்றாம் வகுப்போடு நின்று, விறகு சுமந்து, பேசிப் பேசியே மரவாடி வைத்தவன் நான். தாம்பரம் வரை என் வாய்க்கு ஈடு கிடையாது. அன்று அந்த வாய்தான் போயிற்று. அது திரும்பாவிட்டால் மரவாடியும் இல்லை, நானும் இல்லை.

பேச்சிழப்பு (மூளையில் ரத்தம் அடைத்து, சொல் தெரிந்தும் வராமல் போவது) என்றார் டாக்டர். என் மனைவி ஞானத்திடம், "மெதுவா வரும்மா. அவரையே பேச விடுங்க" என்றார்.

யார் விட்டார்கள்? முகத்தில் வெயில் அடிக்கிறதே, ஜன்னலைச் சாத்தச் சொல்லலாம் என்று "ஜ..." என்பேன்.

"ஜுரமா?" என்பாள் ஞானம்.

"இல்லக்கா, மாமாவுக்கு ஜெபம் பண்ணணுமாம்" என்பான் மைத்துனன். உடனே கண்ணை மூடிக்கொண்டு ஆரம்பித்தும் விடுவான். ஆமென் வரும்வரை நான் வெயிலில் வேக வேண்டும்.

மகள் எஸ்தர் வேறு வகைப் பேஜார். கணவன் மனைவி சண்டையைத் தீர்க்கும் ஆலோசகராக எம்.ஏ. படித்துக்கொண்டிருந்தாள். கல்யாணம் ஆகாத பெண்ணுக்கு இது ஒரு படிப்பா என்று நான் கத்தியதுண்டு. எதிரில் இருப்பவர் திணறினாலும் வார்த்தை எடுத்துக் கொடுக்கக் கூடாது, காத்திருக்க வேண்டும் என்பது அவர்கள் பயிற்சியாம். பஸ்ஸுக்குக் காத்திருப்பவள் போல என் முன்னால் உட்கார்ந்திருந்தாள். ஆத்திரத்தில் இடது கையால் டம்ளரை எறிந்தேன். எடுத்து வைத்துவிட்டு மறுபடி உட்கார்ந்தாள்.

"ஜ... ஜன்னல்."

எழுந்து போய்ச் சாத்தினாள்.

ஒருநாள் என் எதிரிலேயே, "அம்மா, உனக்கு உடம்பு எப்படி இருக்கு?" என்று கேட்டாள். 'அவளுக்கு இன்னா, நல்லாத்தான் இருக்கா!' அவளை யார் கேட்டாலும் இருபத்தைந்து வருடமாக நான் சொல்லும் பதில். அன்று வரவில்லை. ஞானம் வழக்கம்போல என் வாயைப் பார்த்தாள். எஸ்தர் காத்திருந்தாள்.

"முதுகு ரொம்ப வலிக்குதுடி. ரெண்டு வருஷமா."

என் பேச்சு முக்கால்வாசி திரும்பிவிட்டது. மரவாடியில் விலையை நானே சொல்கிறேன், மெதுவாக. உங்கள் வீட்டில் இப்படி ஒருவர் படுத்திருந்தால் அவசரப்பட்டு உதவாதீர்கள், எரிச்சலாக வருகிறது.

இப்போது டாக்டரிடம் இருவரும் போகிறோம். "நீங்க எப்படிம்மா இருக்கீங்க?" என்று அவர் ஞானத்தைக் கேட்டதும் பதில் என் நாக்கு நுனிக்கு வந்துவிடுகிறது. இது மட்டும் சரளமாகவே வருகிறது. பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். அவள் வாய் திறப்பதற்குள் ஒரு நிமிடம் எவ்வளவு நீளமாக இருக்கிறது!