பின்பாரம்

பேத்தி கிளட்ச்சைப் பட்டென்று விட்டாள். மோட்டார் சைக்கிள் விக்கி நின்றது. பெட்ரோல் வாசனை முகத்தில் அடித்ததும் எனக்குப் பதினோரு வயதாகிவிட்டது.

இதே களத்தில்தான் அப்பா அண்ணனுக்கு வண்டி பழக்கினார். அவன் அன்னூருக்குப் படிக்கப் போக வேண்டும். பின்னால் பாரம் இல்லாவிட்டால் வண்டி துள்ளும் என்று முதலில் பருத்திக்கொட்டை மூட்டையைக் கட்டினார். அது சரிந்து விழுந்ததும், ஐந்தாம் வகுப்போடு நின்றிருந்த என்னை ஏற்றினார்.

களத்தைச் சுற்றிச் சுற்றி வந்தோம். ஒவ்வொரு சுற்றிலும் அன்னூர் ரோடு தெரிந்து மறைந்தது. உட்கார்ந்தபடியே நான் எல்லாம் கற்றுக்கொண்டேன். ஒருநாள் மெல்லச் சொன்னேன்: "கிளட்ச்சை மெதுவா உடுங்ண்ணா."

"அப்பா, மூட்டை பேசுதுங்க!" என்று சிரித்தான் அண்ணன்.

"கம்முனு உக்காரு அம்மணி," என்றார் அப்பா. நானும் ஒருமுறை ஓட்டிப் பார்க்கிறேன் என்று கேட்க வாய் வரவே இல்லை.

"அம்மா, வண்டி துள்ளுதுங்க," என்று பேத்திக்கு வண்டி பழக்கிக்கொண்டிருந்த மகன் கூப்பிட்டான். "பின்னாடி பாரத்துக்கு ஏறி உக்காருங்க."

ஏறினேன். வண்டி மறுபடியும் விக்கியது. பேத்திக்குச் சொல்ல வேண்டியது நாக்கு நுனிவரை வந்தது. மகன் பார்த்துக்கொண்டிருந்தான். மூட்டைபோலக் கம்மென்று உட்கார்ந்திருந்தேன்.